கட்டி இழுக்காதீர்கள்: ஜாம் ஆன பழைய டிராக்டர் எஞ்சினைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: தாத்தா வாங்கிய மாஸி பெர்குசன் 1035 ஒன்பது வருடமாகக் கொட்டகைக்கு வெளியே நிற்கிறது. நிறுத்தியபோது நன்றாகத்தான் ஓடியது. இப்போது எஞ்சின் அசையவே இல்லை. "இன்னொரு டிராக்டரில் கட்டி, மூணாவது கியரில் போட்டு இழு, விட்டுரும்" என்கிறார்கள். இழுக்கலாமா, பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: இழுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் இழுத்தார். எஞ்சின் விட்டது என்னவோ உண்மை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்திருந்தது, வால்வுகளைத் திறக்க உதவும் புஷ் ராடுகளில் இரண்டு கோணிக் கிடந்தன.

"நன்றாகத்தான் ஓடியது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். ஆயில் இல்லாமலோ தண்ணீர் தீர்ந்தோ ஓட்டத்தில் பிடித்த எஞ்சின் வேறு. அதில் உலோகம் உலோகத்தோடு இழுபட்டிருக்கும், பேரிங்கும் போயிருக்கும். நின்ற இடத்தில் பிடித்தது பெரும்பாலும் துரு. மழைத்தண்ணீர் செங்குத்தான சைலன்சர் வழியே இறங்கி, நிறுத்தியபோது எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சைலன்சர் மேல் ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆகவே மூன்று சிலிண்டரில் ஒன்றுதான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்கும் முன்னால், பிடித்திருப்பது பிஸ்டன்தானா என்று பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கிவிடுங்கள். அதன் பல்சக்கரம் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டே நின்றிருக்கலாம். ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துங்கள். டீசல் பம்பையும் சந்தேகப்படுங்கள். பழைய டீசல் உள்ளே பிசினாகி பம்பு இறுகியிருந்தாலும் எஞ்சின் சுற்றாது. பலமாகத் திருப்பினால் பம்பின் ஷாஃப்ட்தான் முறியும்.

இதெல்லாம் சரி, ஆனாலும் அசையவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே டீசலும் ஏடிஎஃப் எனப்படும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். தினமும் கிராங்க் புல்லி நட்டில் நீளமான கம்பி கொடுத்து முன்னும் பின்னும் மெல்ல அழுத்திப் பாருங்கள். நூலளவு அசைந்தாலும் போதும், பாதி வேலை முடிந்தது. ஊற்றியது மேலே தேங்கியிருக்கும்போது நாசில்களை மாட்டிவிட்டு ஸ்டார்ட்டர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். திரவம் அமுங்காது, ராடுதான் வளையும்.

ஊறியும் விடவில்லையா? பிரிக்க வேண்டியதுதான். ரேடியேட்டர் தண்ணீரை இறக்குங்கள். அடுத்து சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) பிளக்கை மெல்லத் திருகுங்கள். ஆயிலுக்கு முன் தண்ணீர் வந்தால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஹெட்டுக்கு மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கரை எடுத்துவிட்டு, ஒரு அட்டையில் ஆறு ஓட்டை போட்டு புஷ் ராடுகளை வரிசை மாறாமல் செருகி வையுங்கள். ஹெட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, கால் கால் சுற்றாக, எல்லாவற்றையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். ஹெட் வர மறுத்தால் இடுக்கில் உளி கொடுக்காதீர்கள். அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் கேஸ்கெட் நிற்காது. ஸ்டட்களின் அடியில் ஆயில் விட்டு, மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருங்கள்.

ஹெட்டைத் தூக்கியதும் செங்கல் நிறத்தில் துரு வளையம் தெரியும் சிலிண்டர்தான் உங்கள் ஆள். பிஸ்டனுக்கு மேலே இருக்கும் துருவை முதலில் எமரி பேப்பரால் வழித்துவிடுங்கள்.

சம்ப்பில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளுக்குத் தனியாக சேஸி கிடையாது, எஞ்சினேதான் முதுகெலும்பு. முன் அச்சு நடுவில் ஆடும்படி மாட்டியிருப்பார்கள். இரு பக்கமும் மரஆப்பு அடித்து, கியர் பாக்ஸின் அடியில் கட்டைகளை அடுக்கிய பிறகே பெரிய போல்ட்டுகளைத் தொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

பிடிக்காத இரண்டு ராடுகளை கிராங்கோடு சேர்த்துப் பிடிக்கும் அடி மூடியை, அதாவது கேப்பை, முதலில் கழற்றுங்கள். எந்த கேப் எந்த ராடுக்கு, எந்தப் பக்கம் என்று பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். மாறினால் பேரிங் போச்சு. பிறகு பிடித்ததன் கேப்பையும் எடுத்துவிட்டால் கிராங்க் தனியாகிவிடும். அது கையால் சுற்றினால் நிம்மதி.

இனி பிஸ்டன். சிலிண்டர் விட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு புளியமரக் கட்டையை உருட்டிச் சீவி, மேலே வைத்துத் தட்டுங்கள். முதலில் கீழே கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் அடியிலிருந்து மேலே தட்டி எடுங்கள். நடுவில் இரும்புக் கம்பி வைத்து அடித்தால் அலுமினிய பிஸ்டனில் பள்ளம் விழும். அப்படியே உடைந்தாலும் கவலைப்படாதீர்கள் என்பேன். 1035இல் இருப்பது பெர்கின்ஸ் வழி வந்த சிம்ப்சன் எஞ்சின். பிஸ்டனும் ரிங்கும் கடையில் கிடைக்கும். பிஸ்டனைக் காப்பாற்றப் போய் பிளாக்கையும் கிராங்கையும் கெடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, துருவைத் துடைத்துவிட்டு ரிங் ஓடும் இடத்தில் நகத்தால் மேலும் கீழும் வருடிப் பாருங்கள். கறை மட்டும்தான் என்றால் ஹோனிங் (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போதும். நகம் இடறினால் சிலிண்டரின் உள்குழாயான லைனரை மாற்றத்தான் வேண்டும். அந்த வேலையை நல்ல லேத் பட்டறையில் விடுங்கள், வீட்டில் அடித்து இறக்காதீர்கள்.