கிரீம் போட்டும் வாடை போகலைன்னு கேட்ட தோழிக்கு

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய குளோட்ரிமசோல் கிரீமை ஒரு வாரம் போட்டும் மீன் வாடையும், சாம்பல் நிறத்துல தண்ணியா வெள்ளைப்படுதலும் நிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. அந்த கிரீம் பூஞ்சைக்குத்தான். பூஞ்சைன்னா பெரும்பாலும் திரிஞ்ச பால் மாதிரி வரும், அரிப்பு உயிரை எடுக்கும், வாடை அவ்வளவா இருக்காது.

உங்களுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸா இருக்கலாம், அதாவது பிறப்புறுப்புக்குள்ள சில பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகுறது. அதுக்கு வழக்கமா 7 நாள் மெட்ரோனிடசோல் மாத்திரை. ஆனா உடலுறவு மூலமா பரவுற டிரைக்கோமோனாஸ்ங்கிற ஒட்டுண்ணித் தொற்றிலும் இதே வாடை வரும். அப்படின்னா வீட்டுக்காரரும் மாத்திரை சாப்பிட்டாகணும். அதனால நீங்களா வாங்கிப் போடாம, சென்னை திருவல்லிக்கேணியில இருக்கிற அரசு மகளிர் மருத்துவமனையான கோஷா ஆஸ்பத்திரி ஓபி-க்குப் போங்க. வெள்ளைப்படுதலை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும்னு கேளுங்க. கர்ப்பமா இருக்க வாய்ப்பிருந்தா முதல்லயே சொல்லிடுங்க.

உள்ளே வாஷ் ஊத்திக் கழுவுறதை இன்னைக்கே நிறுத்துங்க, விளம்பரம் என்ன சொன்னாலும். அடிவயிறு வலியோ காய்ச்சலோ வந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க.