1998 கார்னகி ஹால் கச்சேரியில் ஜூலி ஆண்ட்ரூஸ் ஏன் பாடவில்லை?

நீங்கள் கேட்பது 'மை ஃபேவரிட் பிராட்வே: தி லீடிங் லேடீஸ்' பற்றி. நியூயார்க் கார்னகி ஹாலில் 1998 செப்டம்பரில் நடந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிபிஎஸ் பொதுத் தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சி. பிராட்வே, அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் ஓடிய இசை நாடகங்களின் பாடல்களை நாயகிகள் பாடிய மேடை அது.

காரணம் எளிது, ஆனால் வருத்தமானது. 1997-இல் குரல்வளையில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பாடகியும் நடிகையுமான ஆண்ட்ரூஸின் பாடும் குரல் போய்விட்டது. 1956-இல் 'மை ஃபேர் லேடி' இசை நாடகத்தில் பிராட்வேயையே கட்டிப்போட்டவர், இங்கே தொகுப்பாளராக நின்று மற்றவர்களை அறிமுகம் செய்தார். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் புன்னகையே வேறு மாதிரி தெரியும்.

நிகழ்ச்சியின் தனிச்சுவை, சில பாடல்களை அவற்றை முதன்முதலில் மேடையேற்றியவர்களே பாடியதுதான். பிராட்வே பாட்டு என்பது கதையில் ஒருத்தி பேச்சால் சொல்ல முடியாத கட்டத்தில் வருவது. குரல் அழகு மட்டும் போதாது, நடிப்பு வேண்டும். 'கம்பெனி' நாடகத்தில் 1970-இல் தான் பாடியதை எலைன் ஸ்ட்ரிட்ச் 73 வயதில் மறுபடி பாடினார். சுருதி சுத்தம் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது. எனக்கோ அந்தக் கரகரப்புதான் பாட்டே! 'ட்ரீம்கேர்ள்ஸ்' இசை நாடகப் புகழ் ஜெனிஃபர் ஹாலிடே நேர் எதிர். 1981-இல், 21 வயதில், கைவிடப்பட்ட பெண்ணாகக் கதறிய அதே பாட்டை அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினார்.

பிராட்வே பாடகிகள் லைசா மின்னெல்லி, ஆட்ரா மெக்டொனால்டும் உண்டு. முதல் தடவை பார்ப்பதென்றால் ஸ்ட்ரிட்ச் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.