பவளத் தொட்டியில் ஏஞ்சல் மீன் விடலாமா?

கேள்வி: 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் சோவாந்தஸ், லெதர் பவளங்கள் வளர்க்கிறேன். குளத்தூர் மீன் சந்தையில் எம்பரர் ஏஞ்சல் குட்டி பார்த்தேன். வாங்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். நீலத்தில் வெள்ளை வளையங்களோடு குட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் 40 செ.மீ. வரை வளரும், பவளத்தையும் கொறிக்கும். உங்கள் தொட்டிக்குக் குள்ள ஏஞ்சலான கோரல் பியூட்டி போதும், அதுவும் ஒன்றே ஒன்று. அதுவும் முழு உத்தரவாதமில்லை: சோவாந்தஸைக் கடிக்கலாம், சதைப்பற்றான பவளங்களின் வழவழப்பை ருசி பார்த்துவிட்டால் விடாது.

பவளங்கள் நன்றாக வேரூன்றிய பிறகு, கடைசி மீனாக விடுங்கள். அதற்குமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்க 4 வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். பாசி படிந்த கற்கள் நிறைய வேண்டும். மேய இடமில்லாத ஏஞ்சல்தான் பவளத்தின் பக்கம் திரும்பும். நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்), ஸ்பைருலினா (நுண்பாசி) உணவை தினம் மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பகலில் ஒரே பவளம் தொடர்ந்து மூடிக்கிடந்தால் மீனைக் கவனியுங்கள். கடித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

மே மாதத்தில் நீர் 27 டிகிரியைத் தாண்டாமலிருக்க ஃபேன் வைத்தால், ஆவியாவதை ஆர்.ஓ. நீரால் மட்டும் ஈடுகட்டுங்கள். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.