பௌதிகவியலில் விசேட பட்டம்: படுவான்கரைத் தந்தை ஒருவருக்கு

ஐயா, வணக்கம்.

மகள் வந்தாறுமூலைக் கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தில்) இரண்டாம் வருடம் என்றும், மூன்று வருடத்தோடு பட்டத்தை முடித்து உத்தியோகம் தேடாமல், இன்னொரு வருடம் இருந்து பௌதிகவியல் விசேட பட்டம் செய்யப்போவதாக நிற்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். "காந்தச் சுரங்கச் சந்தியாம், அதில் கிராபீனாம். இதைப் படித்து எங்கே வேலை?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை செய்யட்டும் ஐயா. கிராபீனை நம்பி அவள் சொல்லும் காரணம் மட்டும் போதாது, நான் வேறொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் வயல் செய்கிறவர். இரண்டு வயலுக்கு நடுவே வரம்பு இருப்பதுபோல, இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மின்னைக் கடத்தாத ஒரு படலம். அதுதான் அந்தச் சந்தி. வரம்பின் தடிப்பு ஒரு நனோமீற்றர் அளவுதான், அதாவது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லியதானால் குவாண்டம் விதிப்படி இலத்திரன்கள் அதைக் கடந்துவிடும். இரு காந்தங்களும் ஒரே திசை பார்த்தால் தடை குறைவு, எதிரெதிராக நின்றால் தடை கூட. நினைவகச் சிப்பில் அந்த வித்தியாசத்தைத்தான் கணனி 0, 1 என்று வாசிக்கிறது. மின்சாரம் போனாலும் பதிந்தது அழியாது.

வரம்பில் ஒரு நண்டு வளை இருந்தால் தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும் அல்லவா? இங்கும் அதே தொல்லை. நுண்துளை ஒன்று விழுந்தாலே சந்தி பழுது. அதனால்தான் ஓரிரு அணுத் தடிப்பில் சீரான தாளாகக் கிடைக்கும் கிராபீன் (காபன் அணுத் தாள்), போரன் நைத்திரைட்டு போன்ற இரு பரிமாணப் பொருட்களை நாடுகிறார்கள்.

இனி நான் சேர்க்கும் காரணம். 1975இல் ஜூலியே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த வரம்பு ஜேர்மானியம். 4.2 கெல்வின் (ஏறக்குறைய −269 பாகை செல்சியஸ்) குளிரில் தடை மாற்றம் ஏறக்குறைய 14 வீதம். 1995இல் அலுமினியம் ஒட்சைட்டை வைத்து, அறைவெப்பநிலையிலேயே நன்றாக வேலை செய்ய வைத்தார்கள். 2004இல் மக்னீசியம் ஒட்சைட்டு வந்து 200 வீதமளவுக்குக் கொண்டுபோனது. 2008இல் ஜப்பானில் 604 வீதம். இரு பரிமாண வரம்புகள் அறைவெப்பநிலையில் இதை இன்னும் தாண்டவில்லை. தாளை வேறிடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து ஒட்டும்போது, அடியிலுள்ள காந்தம் காற்றுப்பட்டு ஒட்சியேறிவிடுவது ஒரு பெரிய காரணம்.

பாருங்கள், பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வெற்றிடத்தில் மென்படலம் படியவைக்கத் தெரிந்தவர், சின்ன மின்னோட்டத்தைப் பிழையில்லாமல் அளக்கத் தெரிந்தவர், கணித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒவ்வொரு முறையும் தேவைப்பட்டார். மகள் கிராபீனை நம்பிப் போகவேண்டாம், இந்தக் கைப்பழக்கத்தை நம்பிப் போகட்டும். ஆய்வுகூடம் இல்லையே என்று சாட்டும் சொல்லவேண்டாம். பொருட்களுக்குள் இலத்திரன்கள் எப்படி நடக்கும் என்று கணிக்கும் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற மென்பொருள் இலவசம். சிறிய கணிப்புகளைச் சாதாரணக் கணனியிலேயே செய்து பழகலாம்.

உண்மையைச் சொல்லவேண்டும்: இந்தச் சிப்புகளைச் செய்யும் தொழிற்சாலை நம் நாட்டில் இல்லை. ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டுக் காரீயத்திலிருந்து (பென்சிலில் வைக்கும் கிராபைற்று) கிராபீன் எடுக்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது. ஆனாலும் இந்தத் துறையில் ஆழமாகப் போக வெளிநாடுதான் வழி. அம்மாவுக்கு அது பாரமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. அதை இப்போதே வீட்டில் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஏஜென்சிக்காரர் பேச்சைக் கேட்டுக் காணியை ஈடுவைக்காதீர்கள். விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் செய்யும் பிள்ளைக்கு நல்ல பல்கலைக்கழகம் தானே உதவித்தொகை கொடுக்கும். கொடுக்காத இடம் அவளுக்கு வேண்டாம். இத்தாலியில் திரியஸ்தே நகரில், 1964இல் பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம் இருக்கிறது. நம்மைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளுக்குச் செலவைத் தானே ஏற்று ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறது. விசேட பட்டத்தின் கடைசி வருடத்தில் அவள் அதற்கு விண்ணப்பிக்கத் தயாராகட்டும்.

வெளியே போகாவிட்டால்? பேராதனையில் மருத்துவப் பௌதிகவியல் முதுமாணி செய்யலாம், புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு அந்தப் படிப்புள்ளவர் வேண்டும். ஆசிரியப் பணியும் இருக்கிறது. படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு நன்றாகப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஒரு பிள்ளை கிடைத்தால் அதுவும் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சனிக்கிழமை காலை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெறுபேற்றுத் தாளோடு, அவள் ஆய்வுகூடக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் முதலில் பார்க்க விரும்புவது அந்தக் கொப்பியைத்தான்.