குத்திய ஊசியும் குத்தாத ஊசியும்

இந்த முறை முழுக்க அக்குபஞ்சர்தான். போன இதழில் முதுகுவலி பற்றி எழுதும்போது, "சிலருக்கு ஊசி வைத்தியமும் கைகொடுக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது. "டாக்டராக இருந்துகொண்டு இதையெல்லாம் ஆதரிக்கலாமா?" என்று ஒரு தரப்பு. "இவ்வளவு பெரிய வைத்தியத்துக்கு ஒரே ஒரு வரிதானா?" என்று இன்னொரு தரப்பு. சரி, விரிவாகவே பேசிவிடுவோம்.

கேள்வி: எனக்கு வயது 46. இருபது வருடமாக ஒற்றைத் தலைவலி. மாதத்தில் எட்டு நாள் இருட்டறையில்தான் கிடக்கிறேன். தோழி ஒருத்தி அக்குபஞ்சரில் தனக்குக் குறைந்துவிட்டது என்கிறாள். என் மகனோ, "அம்மா, அதெல்லாம் மனப்பிரமை" என்கிறான். உடம்பில் சக்தி ஓடும் பாதை அடைபட்டால் வலி வரும், ஊசி அந்த அடைப்பை எடுக்கும் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

தாராளமாகப் போய்ப் பாருங்கள். தோழி சொல்வதிலும் மகன் சொல்வதிலும் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதலில் அந்தப் பாதை விஷயம். சீனர்கள் அந்தச் சக்தியை 'ச்சீ' என்பார்கள் (நாம் முகம் சுளித்துச் சொல்கிற ச்சீ அல்ல). அது 12 முக்கியப் பாதைகளில் ஓடுகிறது என்பது ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழைய கணக்கு. இன்றைய பொதுப் பட்டியலில் ஊசி வைக்கும் புள்ளிகள் 361. நான் மயக்க மருந்து டாக்டர். நரம்பைத் தேடி ஊசி போடுவதுதான் என் பிழைப்பு. ஸ்கேன் திரையில் நரம்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியும், தசையை மூடிய சவ்வு தெரியும். ச்சீ ஓடும் பாதை என்று ஒன்றை நானும் பார்த்ததில்லை, உடலை அறுத்துப் படித்தவர்களும் பார்த்ததில்லை.

அதற்காக ஊசி வீண் என்று ஆகிவிடாது. கெட்ட காற்றால்தான் மலேரியா வருகிறது என்று நம்பிய காலத்திலேயே சிங்கோனா மரப்பட்டை அந்தக் காய்ச்சலைத் தணித்தது. விளக்கம் வேறு, பலன் வேறு.

கதவில் முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது, கவனித்திருப்பீர்கள். தேய்க்கிற உணர்வு தண்டுவடத்துக்குப் போய், வலிச் செய்தி மேலே ஏறுவதை ஓரளவு மறிக்கிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் இதை ஒரு வாசல் கதவு போல விளக்கினார்கள். ஊசி நரம்பிழைகளைத் தூண்டும்போதும் இதே மாதிரி நடக்கலாம். அடுத்தது எண்டார்ஃபின், உடம்பு தானே சுரக்கும் வலி மருந்து. மார்ஃபின் அளவு மீறிப்போனால் அதை முறிக்க நாங்கள் நலாக்ஸோன் கொடுப்போம். அது எண்டார்ஃபினையும் அதே மாதிரி முறிக்கும். 1970களில், பல்லில் வலி உண்டாக்கி ஊசி வைத்துப் பார்த்த ஒரு சோதனையில், நலாக்ஸோன் கொடுத்ததும் ஊசி தந்த நிவாரணம் போய்விட்டது. பிறகு வந்த சோதனைகள் எல்லாமே இதே விடையைத் தரவில்லை. 2010இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலியின் முழங்காலருகே ஊசியை வைத்துத் திருகியபோது, வலி தணிக்கும் அடினோசின் அந்த இடத்தில் கூடியது. ஆக, குத்தினால் உடம்பில் ஏதோ நடக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த 'ஏதோ' உங்கள் தலைவலியைக் குறைக்கப் போதுமா? இதைச் சோதிக்கப் போலி ஊசி வேண்டும். போலி மாத்திரை செய்வது சுலபம், போலி ஊசிக்கு எங்கே போவது? 1998இல் ஜெர்மனியில் ஒரு வழி சொன்னார்கள். நுனி மழுங்கிய ஊசி. அழுத்தினால் நாடகக் கத்தி மாதிரி பிடிக்குள் போய்விடும். தோலில் பட்ட உணர்வு இருக்கும், உள்ளே இறங்காது. புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திவிட்டுச் சும்மா இருப்பது இன்னொரு வழி.

இந்த இரண்டாவது வழியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து நடந்த ஜெர்மன் சோதனை ஒன்று 2007இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறைப்படி ஊசி வைத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். கண்ட இடத்தில் குத்தியவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4தான். நான் இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். எங்கே குத்தினோம் என்பது கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரண்டு ஊசியுமே எங்கள் சிகிச்சையைத் தோற்கடித்துவிட்டன! ஊசி கிடைக்கும் என்று வந்தவர்களுக்கு அதே பழைய மாத்திரையை நீட்டினால் ஏமாற்றமாகத்தானே இருக்கும், அதுவும் இந்த எண்ணில் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒற்றைத் தலைவலிக்கு வருவோம். காக்ரேன் அமைப்பு 2016இல் 22 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குத் தலைவலி பாதியாகக் குறைந்தது. ஊசியும் சேர்த்துக்கொண்டவர்களில் 41 பேருக்கு. போலியோடு மோதவிட்டபோது நிஜ ஊசிக்கு 50, போலிக்கு 41. நடுவே இருக்கிற அந்த ஒன்பது பேர்தான் புள்ளி பார்த்துக் குத்தியதற்கான கூலி. மற்றதெல்லாம் அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்தது, ஒருவர் அக்கறையாக விசாரித்தது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, தானாகவே தணிந்தது என்று சேர்ந்து வந்த பலன். உங்கள் மகன் இதைத்தான் மனப்பிரமை என்கிறான். எட்டு நாள் நான்கானால், தப்பித்த அந்த நான்கு நாளும் நிஜம்தானே?

இப்போதே ஒரு நோட்டில் வலி வந்த நாள், போட்ட மாத்திரை இரண்டையும் குறிக்க ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்து ஊசிக்குப் போங்கள். ஆறு முதல் எட்டு முறைக்குள் நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். "இன்னும் இருபது முறை வாருங்கள், அடைப்பு பலமாக இருக்கிறது" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் செய்யும் நீங்கள் என்றைக்காவது குத்திக்கொண்டதுண்டா?

உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் என் வலது தோள் இறுகிப்போனது. சட்டைக் கையில் கை நுழையாது. பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியாது. என்னுடைய தொழில் ஊசிகளையெல்லாம் பார்த்தாகிவிட்டது. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஒருவரிடம் போனேன். வலி தோளில், அவர் ஊசி வைத்தது முழங்காலுக்குக் கீழே! முடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசி. இறங்கியதே தெரியவில்லை. திருகியபோது மட்டும் கால் கனத்து, உள்ளே யாரோ மெல்லப் பிழிகிற மாதிரி மந்தமான வலி. அது வந்தால்தான் ஊசி பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம்.

பத்து முறை போனேன். தோள் இளகியது. ஆனால் அதே சமயம் பிசியோதெரபியும் செய்தேன். தவிர, இந்த நோய் ஒன்று முதல் மூன்று வருடத்தில் பெரும்பாலும் தானாகவே விட்டுப்போகும் குணமுள்ளது. எது குணமாக்கியது என்று என் உடம்பை வைத்து நான் சொன்னால் அது புரட்டு.

ஒன்று மட்டும் உறைத்தது. முதல் நாள் அவர் என்னோடு நாற்பது நிமிடம் பேசினார். எப்படித் தூங்குகிறேன், எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கிறது, வலி வந்தால் யாரிடம் எரிந்து விழுகிறேன் என்றுகூடக் கேட்டார். என் கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஏழு நிமிடம். அமெரிக்காவில் குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 2008இல் வெளியானது. அதில் யாருக்குமே நிஜ ஊசி கிடையாது. வெறுமனே காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம். அதிகம் பேசாமல் போலி ஊசி வைத்தவர்களில் 44. அதே போலி ஊசியை உட்கார்ந்து, கேட்டு, ஆறுதலாகப் பேசி வைத்தபோது 62. படித்த பிறகு ஏழு நிமிடத்தைப் பன்னிரண்டாக்கினேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு ஆஸ்துமா. அக்குபஞ்சர் ஆரம்பித்த பிறகு மூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்ஹேலரை நிறுத்திவிட்டார். வைத்தியரும் "அது விஷம், வேண்டாம்" என்றாராம். விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இன்றைக்கே அவரை அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே நன்றாக இருப்பதாகத் தோன்றும். 2011இல் வெளியான ஒரு சின்னச் சோதனை இது, 39 பேர்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை நிஜ இன்ஹேலர், ஒரு தடவை போலி இன்ஹேலர், ஒரு தடவை போலி ஊசி, ஒரு தடவை எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். "எவ்வளவு தேவலை?" என்று கேட்டபோது நிஜ இன்ஹேலருக்கு 50 சதவீதம், போலி இன்ஹேலருக்கு 45, போலி ஊசிக்கு 46 என்று சொன்னார்கள். ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தபோது, நிஜ மருந்தில் 20 சதவீத முன்னேற்றம். மற்ற மூன்றிலும், எதுவும் செய்யாதது உட்பட, 7 அளவில்தான்.

நெஞ்சு லேசாகிவிட்டது என்று மனசு சொல்கிறது, உள்ளே மூச்சுக்குழாய் சுருங்கியபடியே இருக்கிறது. இதைவிட ஆபத்தான நிலை ஆஸ்துமாவில் இல்லை. வலி என்பதே உணர்வு, அது குறைந்ததாகத் தோன்றினால் குறைந்ததுதான். ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம், கிருமித் தொற்று எல்லாம் அப்படியல்ல. இன்ஹேலரை விஷம் என்று சொன்னவர் ஊசியில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, அவரிடம் இனி அப்பாவை அனுப்பாதீர்கள்.

கேள்வி: சீனாவில் மயக்க மருந்தே இல்லாமல் ஊசி வைத்து ஆபரேஷன் செய்கிறார்களாமே?

இந்தக் கதைக்கு ஒரு மூலக்கதை உண்டு. 1971இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அழற்சி வந்தது. மரத்துப்போகும் மருந்தை வழக்கம் போல ஊசியில் ஏற்றித்தான் அறுத்தார்கள். பிறகு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் அக்குபஞ்சர் ஊசி வைத்தார்கள். அதைத்தான் அவர் எழுதினார். வாய் மாறி வாய் வந்ததில் ஊசி வைத்தே அறுத்ததாக ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் வந்த ஆபரேஷன் படங்கள் பலவற்றிலும் கூடவே வேறு மருந்தும் போயிருந்தது. ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலுக்கு மட்டும், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே உட்புறமுள்ள புள்ளியைத் தூண்டினால் ஓரளவு பலன் உண்டு.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி வைத்துக்கொள்ளலாமா?

முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பலருக்கு அனுமதி உண்டு, ஆழமாகக் குத்தக் கூடாது, அவ்வளவுதான். மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உறையிலிருந்து உங்கள் கண் முன்னே பிரித்த புது ஊசி, ஒரு தடவைக்கு மேல் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி பழைய ஊசியில் சவாரி செய்யும். நெஞ்சிலும் தோள்பட்டையின் மேலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. ஊசி வைத்த அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால் நேரே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகள் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் பாய்ச்சும் ஊசி வேண்டாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும்.