போர் நடக்கும் உக்ரைனில் ஒரு சிறு நகரம் நிலைத்த வளர்ச்சி, வெளிநாட்டுக் கூட்டு என்று பேசுவது வெறும் விளம்பரம்தானே?

ஸ்லாவுதிச்சைப் பொறுத்தவரை இல்லை. அந்த ஊருக்கு இரண்டுமே பிழைப்பு. சோலார் தொழிலில் இருப்பதால் சில வருடங்களாக அந்த ஊரைக் கவனித்துவருகிறேன்.

1986-ல் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காம் உலை வெடித்ததும், ஊழியர்கள் வாழ்ந்த பிரிப்யாத் நகரைக் காலி செய்துவிட்டார்கள். மற்ற உலைகளை ஓட்ட ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு வீடு வேண்டும். அதற்காகக் காட்டுக்கு நடுவில் கட்டிய ஊர்தான் ஸ்லாவுதிச். எட்டு சோவியத் குடியரசுகளிலிருந்து வந்தவர்கள் கட்டினார்கள். அதனால் பாக்கு, திபிலிசி, தாலின், ரீகா, யெரெவான் என்று பகுதிகளுக்குப் பெயர். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குள் நுழைந்தால் கட்டடங்களின் சாயலே மாறும்.

போருக்கு முன் ஊரில் சுமார் 25,000 பேர், வேலை தருவது பெரும்பாலும் அந்த நிலையம் மட்டும்தான். அதன் கடைசி உலை 2000 டிசம்பர் 15 அன்று நின்றது. அதற்குப் பிறகு அங்கே மிஞ்சியது பாதுகாக்கும் வேலையும் பிரித்தெடுக்கும் வேலையும்தான். வெடித்த உலையின் மேல் 2016 நவம்பரில் நகர்த்தி வைத்த மாபெரும் எஃகுக் கவசத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பணம் போட்டன. அந்த வளாகத்தைப் பராமரிக்கும் ஊழியர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். வெளிநாட்டுக் கூட்டு இல்லையென்றால் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது சோலார் விஷயம். 'சூரிய நகரம்' என்ற பெயரில் மக்களிடம் பங்கு திரட்டி ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். நகராட்சிக் கட்டடங்களின் கூரைகளில் பேனல் போட்டு, பசுமைக் கட்டணம் என்று சோலார் போன்ற மின்சாரத்துக்கு அரசு நிர்ணயித்த விலைக்கு, அதை கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பி வலைக்கு, விற்பது திட்டம். உக்ரைனில் இப்படி முதலில் முயன்றவர்களில் இவர்களும் உண்டு. அணு மின்சாரத்துக்காகவே பிறந்த ஊரில், சொந்தப் பணம் போட்டுப் பேனல் மாட்டியவர்களை விளம்பரப் பிரியர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

பிறகு 2022 வந்தது. ரஷ்யப் படை நிலையத்தைப் பிடித்தபோது உள்ளே இருந்த ஷிஃப்ட் ஊழியர்கள் ஏறத்தாழ 25 நாள் வீடு திரும்பவில்லை. அவர்களை விடுவிக்க ஊரிலிருந்து மாற்று ஆட்கள் தாங்களாகவே முன்வந்து உள்ளே போனார்கள். மார்ச் 26 அன்று ஊருக்குள்ளேயே படை நுழைந்து மேயர் யூரி ஃபோமிச்சேவைப் பிடித்தது. மக்கள் சதுக்கத்தில் திரண்டார்கள். படை அவரை விடுவித்தது, சில நாளில் ஊரைவிட்டும் வெளியேறியது. ஆனால் பெலாரஸ் வழியாக வேலைக்குப் போன ரயில் நின்றுபோனது. இப்போது சுற்றுவழியில் போய், நிலையத்திலேயே நாள்கணக்கில் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

இந்தச் சோலார் ஏற்பாட்டில் குறையும் இருக்கிறது. பேனலின் மின்சாரத்தைப் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் கருவி இன்வெர்ட்டர்; கிரிட்டோடு மட்டும் இணைத்தால், கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் அமைத்திருப்பார்கள். 2025 அக்டோபர் 1 அன்று ஸ்லாவுதிச் துணைமின் நிலையம் தாக்கப்பட்டு ஊர் இருண்டது, செர்னோபில் வளாகமும் சில மணி நேரம் மின்சாரம் இழந்தது. பேட்டரி இல்லாத பேனல் அந்த நேரத்தில் ஒரு பல்பைக்கூட எரிக்காது. இனி உதவ வரும் வெளிநாட்டுக் கூட்டாளி நகரங்கள் முதலில் மருத்துவமனைக்கும் தண்ணீர் பம்புக்கும் பேட்டரியும், தனித்து இயங்கும் இன்வெர்ட்டரும் கொடுக்க வேண்டும். புதுப் பேனல் அதற்குப் பிறகு போதும்.