வாசகர் கேள்விகள்: செயற்கைக் கால் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 56. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதத்தில் வந்த புண் ஆறாமல் போனதால் சென்ற ஆண்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒரு முகாமில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதம் நன்றாகவே நடந்தேன். இப்போது மாட்டினால் கால் உள்ளே இறங்கிவிடுகிறது, முழங்கால் சில்லின் அடியில் இடிக்கிறது, முனையில் எரிச்சல். தூக்கி வைக்கவே கனமாக இருக்கிறது. "பழகினால் சரியாகிவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு நடங்கள்" என்கிறார்கள் வீட்டில். நான் செய்யும் தவறு என்ன?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தவறு உங்களுடையது அல்ல. செயற்கைக் கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்குள் நுழையும் உங்கள் கால்தான் மாறிவிட்டது. அறுவை சிகிச்சையால் ஏற்பட்ட வீக்கம் வடிவதாலும், பாதத்தை அசைக்கும் வேலை இல்லாமல் போன கெண்டைச் சதை மெலிவதாலும், எஞ்சிய கால் முதல் சில மாதங்களில் வேகமாகவும், அதன் பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை மெதுவாகவும் சுருங்கிக்கொண்டே வரும். ஐந்து மாதங்களுக்கு முன்பு எடுத்த அளவு அன்றைய காலுக்கு உரியது. அதனால்தான் முதலில் போடும் காலைத் தற்காலிகக் கால் என்றே செயற்கைக் கால் செய்யும் எங்கள் துறையில் சொல்கிறோம். இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முகாம்களால் நடக்கத் தொடங்கியவர்கள் ஏராளம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலைக் கொடுத்த பிறகு, மூன்று மாதம் கழித்து அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க யாரும் வராத முகாம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். எஞ்சிய காலை நுழைக்கும் கிண்ணம் போன்ற பகுதிக்குச் சாக்கெட் என்று பெயர். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள். தடித்த கயிறு போல ஒரு தசைநார் தட்டுப்படும். அந்தத் தசைநாரும், எலும்பின் உட்புறச் சரிவும், கெண்டைச் சதையும் சேர்ந்துதான் உடலின் எடையைத் தாங்க வேண்டும். முன்புற எலும்பின் கூரிய விளிம்பு, வெளிப்புறத்தில் குமிழ் போலத் துருத்தி நிற்கும் சிற்றெலும்பின் தலை, எலும்பை வெட்டிய முனை ஆகிய மூன்றும் அழுத்தம் பொறுக்காத இடங்கள். அங்கெல்லாம் சாக்கெட் தொட்டுக்கொண்டிருக்கலாமே தவிர அழுத்தக் கூடாது. கால் சுருங்கிச் சாக்கெட்டுக்குள் இரண்டு சென்டிமீட்டர் இறங்கிவிட்டால், தசைநாருக்கென்று செய்த மேடு சில்லின் அடி விளிம்பில் போய் இடிக்கும். முனை சாக்கெட்டின் அடியில் தட்டும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டையும்தான்.

கனம் பற்றி ஒரு வார்த்தை. முழங்காலுக்குக் கீழே போடும் செயற்கைக் கால் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது. நீங்கள் இழந்த காலின் எடை அதைவிட அதிகம். வார் தளர்ந்த செருப்பு காலில் கனப்பதைப் போலத்தான் தளர்ந்த சாக்கெட்டும் கனக்கிறது. ஒவ்வோர் எட்டிலும் அது கீழே நழுவி மறுபடி மேலே ஏறுகிறது. கால் கனக்கிறது என்று யாராவது என்னிடம் வந்தால் நான் எடை பார்ப்பதில்லை. மாட்டிக்கொண்டு காலைத் தூக்கச் சொல்லி, சாக்கெட்டின் விளிம்பு எவ்வளவு நழுவுகிறது என்றுதான் பார்ப்பேன்.

உடனடியாகச் செய்யக்கூடியது, காலுறையைக் கூட்டுவது. எஞ்சிய காலுக்கென்றே செய்யப்படும் காலுறைகள் ஒரு ப்ளை, மூன்று ப்ளை, ஐந்து ப்ளை என்று வெவ்வேறு தடிமன்களில் கிடைக்கும். காலையில் சரியாக இருந்த கால் நடக்க நடக்க இன்னும் கொஞ்சம் சுருங்கி மாலையில் தளர்ந்துபோவது இயல்பு என்பதால், வெளியே போகும்போது மெல்லிய காலுறை ஒன்றைப் பையில் வைத்திருங்கள். முனை தட்டத் தொடங்கியதும் உட்கார்ந்து அதைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். சுருக்கம் விழாமல் இழுத்துப் போடுவது முக்கியம். ஒரே ஒரு மடிப்பு போதும், புண்ணாக்கிவிடும். காலுறை அளவுக்கு மீறினால் கால் முழுவதும் உள்ளே இறங்காமல், அந்தப் பக்கம் உயரமாக நிற்பது போலத் தோன்றும். பத்து, பன்னிரண்டு ப்ளை போட்டால்தான் இறுகுகிறது என்ற நிலை வந்துவிட்டால், அதற்கு மேல் துணியைத் திணித்துக்கொண்டிருக்காமல் புதிய சாக்கெட் கேளுங்கள். உங்களுடையது நடுவில் உலோகக் குழாய் வைத்த மாடல் என்றால் பாதத்தையும் குழாயையும் வைத்துக்கொண்டு சாக்கெட்டை மட்டும் மாற்றலாம். வெளி ஓடே எடையைத் தாங்கும் மாடல் என்றால் பெரும்பாலும் புதிதாகவே செய்ய வேண்டியிருக்கும். இதற்கு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்திலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

சர்க்கரை நோய் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வலி தெரிகிறது என்று வருந்துகிறீர்கள். வலியே தெரியாமல் போனவர்களைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஒருமுறை ஒரு பெரியவரின் சாக்கெட்டைக் கவிழ்த்தபோது உள்ளிருந்து ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. அது எப்போது உள்ளே போனது என்று அவருக்கே தெரியவில்லை; அதே அளவில் வட்டமாக ஒரு புண் இருந்தது, அது ஆற ஏழு வாரமாயிற்று. ஆகவே மாட்டுவதற்கு முன்பு சாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு முறை கழற்றியதும் ஒரு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துக் காலின் அடியையும் பின்புறத்தையும் பாருங்கள். எடை தாங்கும் இடங்களில் சிவந்திருப்பது இயல்பு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாத சிவப்பு, கொப்புளம், கறுத்த தோல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், பழகும் என்று காத்திராமல், சரிசெய்யும் வரை அந்தக் காலை மாட்டாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து 25 நாட்கள் ஆகின்றன. தையல் பிரித்தாயிற்று. வலிக்கிறது என்பதால் காலுக்கடியில் தலையணை வைத்து மடக்கியே படுத்திருக்கிறார். செயற்கைக் கால் எப்போது போடலாம்?
– வாசகி, நாமக்கல்

பதில்: அந்தத் தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள், அம்மா. அப்பாவுக்கு நீங்கள் செய்யும் உதவியாகத்தான் அதை நினைத்திருப்பீர்கள். ஆனால் மடக்கியே வைத்திருக்கும் முழங்கால் சில வாரங்களில் அப்படியே இறுகிவிடும். முழங்கால் நேராக நீளாதவருக்கு எவ்வளவு நல்ல சாக்கெட் செய்தாலும் வசதியாக நடக்க முடியாது. நாற்காலியில் உட்காரும்போதும் எஞ்சிய கால் தொங்காமல் ஒரு பலகையின் மேல் நீட்டியபடி இருக்கட்டும். மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, பதினைந்து இருபது நிமிடம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். இடுப்பு மடங்கி இறுகாமல் இருக்க அது மிகவும் உதவும்.

புண் ஆறியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டத் தொடங்க வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக, எட்டு என்ற எண்ணை எழுதுவது போலச் சாய்வாகச் சுற்ற வேண்டும். முனையில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கிக் கட்டினால் நீர் கீழே தங்கி, முனை குமிழ் போலப் பருத்துவிடும். குமிழாகிவிட்ட காலைச் சாக்கெட்டுக்குள் நுழைப்பது பெரும்பாடு. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்து வராத வேலை இது.

அளவெடுக்கும் நாளை நாள்காட்டி முடிவு செய்வதில்லை. புண் முழுவதும் ஆறி, காலின் சுற்றளவு ஒன்றிரண்டு வாரமாக ஒரே அளவில் நிற்க வேண்டும். தையல்காரர் டேப்பால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து எழுதி வாருங்கள். பலருக்கு இது இரண்டு, மூன்று மாதத்தில் கைகூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் நாளாகலாம்.

கேள்வி: எனக்கு 27 வயது. இருசக்கர வாகன விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். கார்பன் பாதம் போட்டால்தான் வசதியாக இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஜெய்ப்பூர் கால் போதும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இருவரும் பாதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், தம்பி. வசதி என்பது முதலில் சாக்கெட்டில் இருக்கிறது. சரியாகப் பொருந்தாத சாக்கெட்டின் அடியில் எவ்வளவு விலை உயர்ந்த பாதத்தைப் பொருத்தினாலும், இரண்டு தெரு தாண்டுவதற்குள் உட்கார இடம் தேடுவீர்கள்.

ஆகவே காலைச் செய்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சோதனைச் சாக்கெட் போட்டுப் பார்ப்பீர்களா என்பது. மாவுக்கட்டுத் துணியால் உங்கள் காலை அச்செடுத்து, அந்த அச்சைச் செதுக்கித் திருத்தி, முதலில் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கில் ஒரு சாக்கெட் செய்வார்கள். அதில் எடை போட்டு நிற்கும்போது எங்கே தோல் வெளிறுகிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். அடிமுனையைப் பார்க்க நான் சிறிய களிமண் உருண்டை ஒன்றை உள்ளே போட்டு நிற்கச் சொல்வேன். எடுத்துப் பார்த்தால் உருண்டை உருண்டையாகவே இருந்தால் முனை தொடவில்லை. தாள் போல நசுங்கியிருந்தால் முனை இடிக்கிறது. தடித்த வடை போல அழுந்தியிருந்தால் சரி. முனை தொடாமல் வெற்றிடமாக இருப்பதும் நல்லதல்ல. அங்கே நீர் கோத்து, நாளடைவில் தோல் தடித்துக் கறுத்து மரு போலாகிவிடும். இந்தச் சோதனைக்குச் சோம்பல்படும் இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்பு, கால் சுருங்கிய பிறகு எத்தனை முறை சரிசெய்து தருவார்கள், சாக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதத்தை உங்கள் வாழ்க்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜெய்ப்பூர் பாதம் 1968-இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. வெளிநாட்டுப் பாதங்கள் ஷூ போட்டு நடப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் மக்களோ வெறுங்காலோடு வயலில் இறங்குகிறார்கள், சம்மணமிட்டு உட்காருகிறார்கள், குத்துக்காலிடுகிறார்கள். இதையெல்லாம் மனத்தில் வைத்து ரப்பரில் வார்த்த பாதம் அது. சேற்றிலும் தண்ணீரிலும் நிற்கும் வேலை என்றால் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். வேகமாக, நெடுந்தூரம் நடப்பவருக்கும் ஓடி விளையாட விரும்புபவருக்கும் கார்பன் பாதம் வில் போல மடங்கி மீண்டு, காலை முன்னே தள்ளிவிடும். அந்தப் பயன் உண்மையானது. ஆனால் உங்கள் கால் இன்னும் சுருங்கும் பருவத்தில் இருந்தால் எளிய பாதத்தோடு தொடங்குங்கள். நடை உறுதியான பிறகு, இரண்டாவது சாக்கெட் போடும்போது கார்பன் பாதத்தைப் பற்றி யோசிக்கலாம். நகை அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் செயற்கைக் கால் ஓராண்டாக நன்றாக இருந்தது. புதுச் செருப்பு வாங்கியதிலிருந்து முழங்கால் முன்னே தள்ளுகிறது. வெயில் காலத்தில் வியர்வையால் தோலும் அரிக்கிறது.
– வாசகி, கரூர்

பதில்: புதுச் செருப்பின் குதிகால் பழையதைவிட உயரமாக இருக்கும், அளந்து பாருங்கள். பெரும்பாலான செயற்கைப் பாதங்களின் கணுக்கால் நம் கணுக்காலைப் போல வளைந்து ஈடுகொடுக்காது என்பதால், குதி ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலே முழுக் காலும் முன்னே சாய்ந்து முழங்காலை மடக்கும். பழைய செருப்பின் குதி உயரத்தைக் குறித்துக்கொண்டு அதே அளவில் வாங்குங்கள். காலைச் சரிசெய்யப் போகும்போதும் வழக்கமாகப் போடும் செருப்பையே அணிந்து செல்லுங்கள்.

அரிப்புக்கு, எஞ்சிய காலை இரவில் கழுவுங்கள். காலையில் கழுவினால் ஈரத் தோல் ஊறிச் சாக்கெட்டில் ஒட்டி உரசும். காலுறையைத் தினமும் மாற்றுங்கள். சாக்கெட்டுக்குள் காலின் மேல் மாட்டும் மெத்தென்ற உறையான லைனர் இருந்தால் அதை மென்மையான சோப்பால் கழுவி, சோப்பு துளியும் தங்காமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். காலில் உள்ள முடியை மழிக்காதீர்கள்; மழித்த முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும். நடுப்பகலில் ஒருமுறை பத்து நிமிடம் கழற்றி, வியர்வையைத் துடைத்து, உலர்ந்த காலுறையோடு மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் அரிப்பு அடங்கவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போகும்போது லைனரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.